தானம் கொடுத்த விமானத்தின் பல்

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பது நம் ஊர் நாகரிகம். அமெரிக்காவில் அதற்குப் பதிலாகச் சட்டம் இருக்கிறது. அது பல்லைப் பார்க்கும், ஈறைப் பார்க்கும், வாலைத் தூக்கியும் பார்க்கும். மாடு சின்னதாக இருந்தால் மட்டும்.

ஒஹையோவில் ஒரு சிற்றூர். அங்கே ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நாலு பேர் உட்காரக்கூடிய பழைய செஸ்னா 172 ஒன்று வைத்திருக்கிறார். புற்றுநோய் வந்த குழந்தைகளுக்காக ஊரில் பரிசுக் குலுக்கல் நடக்கிறது. சீட்டு பத்து டாலர். பேக்கரிக்காரர் கேக் தருகிறார், சைக்கிள் கடைக்காரர் சைக்கிள் தருகிறார். நம் ஆசிரியர் எழுந்து, “ஜெயிப்பவருக்கு என் விமானத்தில் அரை மணி நேரம் சவாரி” என்கிறார். கூடம் கைதட்டுகிறது. அவருடைய நிம்மதி அந்தக் கைதட்டலோடு முடிந்தது.

அவரிடம் இருப்பது தனியார் விமானி உரிமம். அந்த உரிமத்தை வைத்துக்கொண்டு கூலிக்கு ஆள் ஏற்றக் கூடாது என்கிறது கூட்டாட்சி விமான விதி 61.113. “நான் ஒரு காசு வாங்கவில்லையே?” என்கிறார் ஆசிரியர். அப்பாவி! பறந்த நேரம் லாக் புக்கில் ஏறுகிறதா இல்லையா? ஊரில் நல்ல பெயர் கிடைக்கிறதா இல்லையா? இவையும் கூலியாகக் கொள்ளத் தக்கவை என்று விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் எஃப்.ஏ.ஏ. தன் சட்ட விளக்கங்களில் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறது. குழந்தைகளுக்குப் போகும் பத்து டாலர் சீட்டும் அவரைப் பார்த்து முறைக்கிறது.

சட்டத்துக்கும் இதயம் உண்டு. அதன் எண் 91.146. அறக்கொடை நிகழ்ச்சிக்காகத் தனியார் விமானியும் பயணிகளை ஏற்றலாம் என்று அது கதவைத் திறக்கிறது, பிறகு வாசலில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்கிறது. 500 மணி நேரம் பறந்திருக்கிறாயா? 2007 வரை 200 மணி போதும், இப்போது போதாது. எங்கே கிளம்பினாயோ அங்கேயே, நடுவில் எங்கும் நிற்காமல், வந்து இறங்க வேண்டும். அந்த விமான நிலையத்திலிருந்து 25 மைல் தாண்டக் கூடாது. பகலில் மட்டும், பார்வை தெளிவாக இருக்கும்போது மட்டும். குட்டிக்கரணம் கூடாது. முழுமையான தகுதிச் சான்றுள்ள விமானமாக இருக்க வேண்டும்; கொட்டகையில் நீயே கட்டியது செல்லாது. நிகழ்ச்சி மூன்று நாளுக்கு மேல் நீளக் கூடாது. ஆண்டுக்கு நான்கு முறைக்கு மேல் கருணை சுரக்கக் கூடாது. நடத்துபவர்கள் ஏழு நாள் முன்னதாகக் கையெழுத்திட்ட கடிதம் அனுப்ப வேண்டும். அதோடு விமானியின் உரிமம், மருத்துவச் சான்று, லாக் புக் பக்கங்கள் எல்லாவற்றின் நகலும்.

இதெல்லாம் முடிந்ததும் வரித்துறை தொண்டையைக் கனைக்கும். தானமாகத் தந்த உழைப்புக்கும், விமானத்தை ஓசியில் பயன்படுத்த விட்டதன் வாடகை மதிப்புக்கும் வரிக்கழிவு கிடையாது. குலுக்கல் சீட்டு வாங்கியவருக்கும் கிடையாது. அது நன்கொடை ஆகாது. ஜெயித்தவரோ அரை மணி நேரச் சவாரியின் சந்தை மதிப்பைத் தன் வருமானத்தில் காட்ட வேண்டும். ஆசிரியர் யூட்டா மாநிலத்தில் இருந்திருந்தால் இத்தனை தொல்லையும் இல்லை. அங்கே காசுக்குச் சீட்டு விற்றுக் குலுக்குவது, தர்மத்துக்கானாலும், சூதாட்டம்.

இந்த விதிகளைக் கிழித்தெறியச் சொல்லவில்லை. விமானம் விழுந்தால் அதில் இருப்பவர் குழந்தையாக இருக்கலாம். 500 மணி கேட்பது நியாயம், பகலில் பற என்பது நியாயம். கொடுப்பவன் யார், வாங்குபவன் யார், பதிலுக்கு என்ன போகிறது என்று ஓர் அரசு கேட்பதும் நியாயம்தான். நமக்குக் கொதிப்பது, இதே கேள்விகளை வைத்துக்கொண்டு அந்த அரசு எங்கே வாயைத் திறக்கிறது, எங்கே மூடிக்கொள்கிறது என்பதில்.

2008 ஜூலையில் அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி சாமுவேல் அலிட்டோ மீன் பிடிக்க அலாஸ்கா போனார். போனது பெருமுதலாளி பால் சிங்கரின் தனி ஜெட்டில். நீதிபதிகள் ஆண்டுதோறும் தரும் நிதி அறிக்கையில் அதைக் காட்டவில்லை. சிங்கரின் முதலீட்டு நிறுவனத்துக்கும் அர்ஜென்டினாவுக்கும் இடையிலான வழக்கு பின்னர் உச்ச நீதிமன்றம் வந்தது. 2014-இல் 7-க்கு 1 என நிறுவனத்தின் பக்கம் தீர்ப்பு. பெரும்பான்மையில் அலிட்டோவும் இருந்தார். வழக்கில் சிங்கருக்குத் தொடர்பு இருப்பது தெரியாது என்றார். 2023-இல் புரோபப்ளிகா இணைய இதழ் இந்தப் பயணத்தைத் தோண்டியபோது, கட்டுரை வெளிவருவதற்கு முன்பே வால் ஸ்ட்ரீட் ஜர்னலில் பதில் எழுதினார். தான் உட்கார்ந்தது எப்படியும் காலியாகப் போயிருக்கக்கூடிய இருக்கை என்பது அவர் வாதம்.

செஸ்னாவின் பின்சீட்டும் காலிதான் ஐயா! அது எப்போதும் காலி. அந்த இருக்கையில் ஒரு சிறுமி அரை மணி நேரம் உட்கார்ந்தால் விமானியின் லாக் புக்கில் ஏறும் நிமிடங்கள்கூடக் கூலி. உங்கள் இருக்கையில் நீங்கள் அலாஸ்கா வரை உட்கார்ந்தால் வெறும் காற்று. நல்ல பெயரையும் கூலிக் கணக்கில் சேர்ப்பார்களாம். உச்ச நீதிமன்ற நீதிபதியிடம் சம்பாதிக்கும் நல்ல பெயருக்குச் சந்தையில் என்ன விலை என்று யாராவது மதிப்பிட்டார்களா?

இன்னொரு நீதிபதி கிளாரன்ஸ் தாமஸ். டெக்சஸ் ரியல் எஸ்டேட் கோடீஸ்வரர் ஹார்லன் க்ரோவின் செலவில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ஊர் சுற்றியதை 2023 ஏப்ரலில் அதே இதழ் வெளியிட்டது. 2019-இல் க்ரோவின் ஜெட்டில் இந்தோனேசியா, அங்கே அவருடைய உல்லாசப் படகு. அந்த ஜெட்டையும் படகையும் தாமஸே வாடகைக்கு எடுத்திருந்தால் ஐந்து லட்சம் டாலரைத் தாண்டியிருக்கும் என்பது இதழின் கணக்கு. நெருங்கிய நண்பர்களின் விருந்தோம்பலை அறிக்கையில் காட்ட வேண்டியதில்லை என்று தமக்கு ஆலோசனை சொல்லப்பட்டதாகத் தாமஸ் விளக்கினார். ஆசிரியர் 25 மைல் சுற்றினால் ஏழு நாள் முன்னதாகக் கடிதம். நீதிபதி கடல் தாண்டினால் அது நட்பு. பிறகு உச்ச நீதிமன்றம் வெட்கப்பட்டு 2023 நவம்பரில் தனக்குத்தானே ஒரு நடத்தை நெறி எழுதிக்கொண்டது. மீறினால் யார் விசாரிப்பது, என்ன தண்டனை என்ற பக்கம் மட்டும் அதில் இல்லை.

இருக்கை சின்ன விஷயம். முழு விமானத்தையே கொடுத்தால்? 91.146-இன் கீழ் வரும் விமானத்தில் 30 இருக்கைக்கு மேல் இருக்கக் கூடாது. கத்தார் அரச குடும்பம் தந்தது போயிங் 747-8. மதிப்பு சுமார் 40 கோடி டாலர் என்று செய்திகள் கூறின. 2025 மே மாதம் பென்டகன் அதை ஏற்றுக்கொண்டது. அதிபர் டிரம்ப் ஏறிப் பறப்பதற்கு. பதவி முடிந்தபின் அவருடைய நூலகத்துக்கு. வெளிநாட்டு அரசரிடமிருந்தோ அரசிடமிருந்தோ நாடாளுமன்ற ஒப்புதலின்றி எந்தப் பரிசும் வாங்கக் கூடாது என்று அரசமைப்புச் சட்டத்தின் முதல் பிரிவிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். அட்டர்னி ஜெனரல் பாம் பாண்டியின் துறை பார்த்தது. சட்டப்படி சரி என்றது. பாண்டி அந்தப் பதவிக்கு வருமுன் கத்தாருக்காகப் பதிவு பெற்ற லாபியிஸ்டாக இருந்தவர். இலவசமாக வரும் விமானத்தை வேண்டாம் என்பவன் முட்டாள் என்ற பொருள்பட அதிபர் பேசினார். நம் ஆசிரியர் இலவசமாகத் தருகிறேன் என்றார். அவரும் முட்டாள்தான், வேறு வகையில்.

வரிக்கணக்கையும் பார்த்துவிடலாம். செஸ்னாவைத் தர்மத்துக்கு ஓட்டுபவர் அதன் வாடகை மதிப்பில் ஒரு டாலரும் கழிக்க முடியாது. கம்பெனி ஒன்று தொழிலுக்கென்று ஜெட் வாங்கினால், முழு விலையையும் முதல் ஆண்டிலேயே வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். பழைய ஜெட்டானாலும் சரி. 2017 வரிச்சட்டம் தந்த சலுகை இது. 2023-இலிருந்து படிப்படியாகத் தேய்ந்து வந்தது. ஏழை பணக்காரர்களின் கண்ணீர் பொறுக்காமல் 2025 ஜூலைச் சட்டம் அதை முழுசாகவும் நிரந்தரமாகவும் மீட்டுத் தந்தது.

ஆகவே அமெரிக்கச் சட்டம் குருடு என்று யாரும் ஏசாதீர்கள். அதற்குக் கண் நன்றாகவே தெரியும். செஸ்னாவின் எண்ணெய்த் துளியைப் பார்க்கும், பெட்ரோல் ரசீதைப் பார்க்கும், பத்து டாலர் சீட்டைப் பார்க்கும். நாலு இன்ஜின் போட்டு, ஒரு தெரு நீளத்துக்கு வந்து இறங்கும் பொருள்தான் அதன் கண்ணில் படுவதில்லை. சட்டத்தின் கழுத்து கீழே குனிய மட்டும் செய்யப்பட்டது. அண்ணாந்து பார்க்கச் சொன்னால் சுளுக்கிக்கொள்ளும்.

குறை மட்டும் சொல்லிவிட்டுப் போவது முறையில்லை. அமெரிக்க நாடாளுமன்றத்துக்குச் செலவில்லாத ஒரு யோசனை: புதுச் சட்டம் எதுவும் எழுத வேண்டாம். 91.146 அருமையான விதி. அப்படியே எடுத்து நீதிபதிகளுக்கும் அதிபருக்கும் மாட்டிவிடுங்கள். கோடீஸ்வர நண்பரின் ஜெட்டில் ஏறும் நீதிபதி ஏழு நாள் முன்னதாகக் கையெழுத்திட்ட கடிதம் அனுப்பட்டும். அந்த நண்பருக்கு எந்த நீதிமன்றத்தில் என்ன வழக்கு என்று நகல் இணைக்கட்டும். பகலில் மட்டும் பறக்கட்டும், எல்லோரும் பார்க்கட்டும். ஆண்டுக்கு நான்கு முறை. கிளம்பிய இடத்திலேயே இறங்க வேண்டும், 25 மைல் தாண்டக் கூடாது. அந்த 25 மைலுக்குள் அவர் ஆசைப்பட்ட மீன் கிடைக்காவிட்டால், நாட்டு மக்களைப் போல டிக்கெட் வாங்கிக்கொண்டு போகட்டும்.