தலைக்கனம்

கேள்வி: பகலெல்லாம் கம்ப்யூட்டர், ராத்திரி செல்போன். கழுத்து வலி உயிரை வாங்குகிறது. தலையணையை மாற்றினால் சரியாகுமா?

பதில்: தலையணை பாவம், அது என்ன செய்யும்! நிமிர்ந்திருந்தால் தலையின் எடை சுமார் 5 கிலோ. 60 டிகிரி குனிந்தால் கழுத்துக்கு 27 கிலோ சுமை என்று 2014-இல் கணக்குப் போட்டார் நியூயார்க் முதுகெலும்பு நிபுணர் கென்னத் ஹன்ஸ்ராஜ். அரிசி மூட்டையே 25 கிலோதான்!

இதற்கு ஒரு பயிற்சி: நிமிர்ந்து உட்கார்ந்து, பார்வை நேராக இருக்க, மோவாயைப் பின்னுக்கு இழுங்கள். இரட்டைத் தாடை தெரியும். அதனால் கண்ணாடி வேண்டாம். 5 விநாடி அப்படியே வைத்திருந்து தளர்த்துங்கள். 10 தடவை. தோள்பட்டைகளையும் பின்னுக்கு இழுத்து இறுக்குங்கள். சில வாரம் விடாமல் செய்தால்தான் பலன். கை மரத்துப்போனாலோ, பிடி தளர்ந்தாலோ முதலில் டாக்டர். தலைமுடி வெட்டப் போகும் இடத்தில் கழுத்தில் சொடக்கு எடுக்க மட்டும் விடாதீர்கள்; உள்ளே மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் இருக்கிறது.