நடக்கிற காரியமா?

கேள்வி: வயது 48. தைப் பொங்கலுக்கு வாங்கிய வாக்கிங் ஷூ இன்னும் டப்பாவிலேயே இருக்கிறது. தினமும் பத்தாயிரம் அடி நடக்கணும் என்கிறான் மகன். நடக்கிற காரியமா?
- ஒரு வாசகர், திருச்சி

பதில்: பத்தாயிரம் என்பது டாக்டர் சீட்டில் எழுதிக் கொடுத்த கணக்கு இல்லை, சார். 1965-ல் ஜப்பானில் அடி எண்ணும் கருவி ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். பெயர் ‘மான்போ-கெய்’. ‘மான்போ’ என்றால் பத்தாயிரம் அடி. வியாபாரத்துக்கு வைத்த பெயர், அறுபது வருஷமாக உங்களை மிரட்டுகிறது!

உலக சுகாதார நிறுவனம் கேட்பது, வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடலுழைப்பு. அதாவது ஐந்து நாள், நாளுக்கு ஒரு சீரியல் நேரம். நடக்கும்போது பேச முடியணும், பாட முடியக் கூடாது. அதுதான் வேகத்துக்கு அளவு. (பாடாமலிருப்பது பார்க்கில் மற்றவர்களுக்கும் நல்லது.) வாரம் இரண்டு நாள் தசைக்கும் வேலை கொடுக்கச் சொல்கிறார்கள். கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து பாருங்கள், அங்கே ஆரம்பிக்கலாம்.

உற்சாகம் தானாக வருமென்று காத்திருக்காதீர்கள். ஒரு ஆளைப் பிடியுங்கள். எதிர்வீட்டு நண்பர் காலை ஐந்தரைக்கு என் வீட்டு கேட்டை ஆட்டி, “என்ன சார், இன்னும் தூக்கமா?” என்று தெருவுக்கே கேட்கக் கேட்பார். இரண்டு வருஷமாக என்னை நடக்க வைப்பது அந்த மானப் பிரச்னைதான். திரும்பும்போது டீக்கடையில் ஒரே ஒரு மெதுவடை. அவர் பார்த்துக்கொண்டிருக்கும் வரை.