கார் லைசென்ஸில் ஒரு பஸ்

கேள்வி: அமெரிக்காவில் பஸ் அளவு மோட்டார் ஹோமைக்கூட கார் லைசென்ஸிலேயே ஓட்டலாமாமே! தனி லைசென்ஸ் வேண்டாமா?

பதில்: கட்டாயம் வேண்டும் என்பேன். அங்கே 26,000 பவுண்டுக்கு, அதாவது சுமார் 11,800 கிலோவுக்கு மேற்பட்ட சரக்கு லாரியை ஓட்டத் தனித் தேர்வு உண்டு. அதே எடையில் கட்டிலும் அடுப்பும் வைத்துக் குடும்பத்தோடு கிளம்பினால், மத்திய விதி ஒதுங்கிக்கொள்கிறது. மிச்சம் மாநிலங்கள் பாடு. ஃபுளோரிடாவில் கார் லைசென்ஸே போதும். கலிபோர்னியாவிலோ 40 அடியைத் தாண்டினால் 'பி' வகுப்பு லைசென்ஸ் கேட்பார்கள். மாநிலம் மாறினால் வண்டி இளைத்துவிடுமா என்ன?

தனித் தேர்வு ஏன் என்கிறீர்களா? இவ்வளவு நீளமான வண்டியை வலப்பக்கம் ஒடித்துத் திருப்பும்போது, பின் சக்கரத்துக்கு அப்பால் நீண்டிருக்கும் வால்பகுதி இடப்பக்கமாக வீசும். பக்கத்து லேனில் வருகிறவருக்கு அதுதான் எமன். கார் மட்டுமே ஓட்டியவருக்கு அந்த நேரத்தில் இடப்பக்கக் கண்ணாடியைப் பார்க்கவே தோன்றாது. பெரிய வண்டிகளில் ஏர் பிரேக் வேறு. காற்றழுத்த முள் எங்கே நிற்கிறது என்று பார்க்காமல் வண்டியை எடுக்கவே கூடாது. இதெல்லாம் யாராவது சொல்லிக்கொடுத்தால்தானே வரும்?

பிரிட்டனில் 1997 முதல் கார் தேர்வில் தேறியவர்களுக்குப் பொதுவாக 3,500 கிலோதான் வரம்பு. மோட்டார் ஹோமுக்கும் அதுவே. அமெரிக்காவும் நாடு முழுக்க ஒரே வரம்பு வைத்து, சாலையில் ஓட்டிக் காட்டச் சொல்லட்டும்.