டால்பினுக்கு எத்தனை மூக்கு?

விசாகப்பட்டினம் போறியாமே கண்ணு? உங்கம்மா சொன்னா. மூணு நாளு, இருபத்தஞ்சு இடம்னு செல்லுல பட்டியல் போட்டு வச்சிருக்கியாம். எத்தினி மணிக்கு எங்க நிக்கணும், எந்தப் பக்கம் திரும்பிச் சிரிக்கணும்னு வரைக்கும் எழுதியிருக்காம். ஏன்டா, ஊரு பாக்கப் போறியா, ஜனத்தொகை கணக்கெடுக்கப் போறியா? சித்த உக்காரு. கெழவன் பேச்சுக்கு டிக்கெட்டு இல்ல.

மலையும் கடலும் ஒண்ணா இருக்குற ஊருன்னு வாயப் பொளக்கறே. நம்ம கீழ்க்கட்டளைக்கு இன்னாடா கொறச்சல்? மேக்கால பல்லாவரம் மலை, திரிசூலம் மலை. இந்தாண்ட பரங்கிமலை. கெழக்கால போனா நீலாங்கரைக் கடலு. பரங்கிமலைப் படி ஏறியிருக்கியா? 1802-ல லாம்டன்னு ஒரு வெள்ளைக்காரன் பரங்கிமலையிலேருந்து பெரும்பாக்கம் குன்று வரைக்கும், நம்ம பக்கமா, ஏழரை மைலு சங்கிலி புடிச்சு அளந்தான். இந்தியா முழுக்க அளந்தாங்களே, அதுக்கு மொதக் கோடு அதான். 1863-ல புரூஸ் ஃபூட்டுன்னு இன்னொருத்தரு. பல்லாவரத்துல ஆதிமனுசன் செதுக்குன கல்லுக் கோடாலியைக் குனிஞ்சு எடுத்தாரு. அவங்க கப்பலேறி வந்து பாத்ததை, நீ பஸ்சு ஜன்னலோரம் உக்காந்தும் பாக்கலியே. செல்லைத் தேச்சுகினு போறே.

சரி, கெளம்பிட்டே. நல்லபடியாப் போயிட்டு வா.

ராத்திரி ரயிலு ஏறினா எண்ணூறு கிலோமீட்டரு கிட்ட, தூங்கி எழுந்தா ஊரு. கஷ்டமெல்லாம் இங்கேருந்து சென்ட்ரல் போற வரைக்குந்தான். மெட்ரோவுக்குத் தோண்டிப் போட்டிருக்கான் பாரு, முன்னாடியே கெளம்பு. அக்டோபரு, நவம்பருல மட்டும் போவாதே. 2014 அக்டோபரு 12-ல ஹுட்ஹுட் புயலு அந்த ஊரைப் பொரட்டிப் போட்டுச்சு. நமக்கு வர்தா வந்த கதைதான். சித்திரை வெய்யிலும் வேணாம், வேர்த்து ஊத்தும். மார்கழி, தையில போ.

பை எத்தினி கட்டியிருக்கே? நாலா? மலை ஏற தனி ஷூ வேறயா? கைலாசகிரிக்கு ரோடு போவுது, ரோப்காரும் போவுது. ஷூ மாட்டிகினு ரோப்காருல உக்காந்து எந்த மலையை மிதிக்கப் போறே? மேல சிவனும் பார்வதியும் பெரிய சிலையா வெள்ளை வெளேர்னு உக்காந்திருப்பாங்க. அவங்க பாக்குற பக்கமே நீயும் பாரு. கடலு வளைஞ்சு போறது அங்கேருந்துதான் தெரியும். நீ இன்னா பண்ணுவே, கடலுக்கு முதுகைக் காட்டிகினு உன் மூஞ்சை நீயே படம் புடிப்பே. அந்த மூஞ்சைத்தான் வீட்டுக் கண்ணாடியிலேயே தெனம் பாக்கறியே.

இன்னொண்ணு சொல்றேன், சிரிக்காதே. கடற்கரையில சூரியன் உள்ள எறங்கற எடம் எங்கன்னு விசாரிச்சுகினு இருந்தியாமே. அதுவும் கெழக்குக் கடலுதான்டா. நம்ம மெரினா மாதிரி காலையிலதான் கடலுலேருந்து சூரியன் வரும். சாயங்காலம் மலைக்குப் பின்னால எறங்கிடும். பத்து மணிக்கு எழுந்திரிக்கறவனுக்கு விசாகப்பட்டினத்துல சூரியன் எந்தப் பக்கமும் இல்ல.

அப்புறம் டால்பின் மூக்கு. கடலுக்குள்ள நீட்டிகினு நிக்குற மலை. மேல கலங்கரை விளக்கம் இருக்கு. கொடைக்கானலுலயும் ஒரு டால்பின் மூக்கு, குன்னூருலயும் ஒரு டால்பின் மூக்கு, இங்கயும் ஒண்ணு. ஒரு டால்பினுக்கு எத்தினி மூக்குடா? வெள்ளைக்காரனுக்கு நீட்டிகினு இருக்குறதெல்லாம் மூக்கு. ஆனா இந்த மூக்கை மட்டும் அலட்சியம் பண்ணாதே. காத்தும் அலையும் துறைமுகத்துல பாயாம மறிச்சு நிக்குறது அதான்.

ராமகிருஷ்ணா பீச்சுல ஐ.என்.எஸ். குர்சுரான்னு நீர்மூழ்கிக் கப்பலை மணல்ல ஏத்தி வச்சிருக்காங்க. அதை மட்டும் உடாதே. ரஷ்யாக்காரன் கட்டினது. 1969-ல நம்ம கடற்படைக்கு வந்து, 1971 சண்டையில இருந்துட்டு, 2001-ல ஓய்வு வாங்கி, 2002-லேருந்து கண்காட்சி. நீளம் 91 மீட்டரு. உள்ள பூந்தா, ஒரு அறையிலேருந்து அடுத்த அறைக்கு வட்டமா ஒரு ஓட்டை. அதுல நொழஞ்சுதான் போவணும். உன் தொப்பை நொழையுமான்னு பாத்துக்கோ. எழுபது பேருக்கு மேல அதுக்குள்ளயே மாசக்கணக்கா துன்னு தூங்கி இருந்தாங்க. ஜன்னலு கெடையாது. குளிக்கத் தண்ணி அளந்துதான். நீ தங்கப் போற ஓட்டலு ரூமுல கடலு தெரியலைன்னு சண்டை போடறதுக்கு முன்னாடி, அங்க போயி ஒரு நிமிசம் மூச்சு உட்டுட்டு வா.

சிம்மாசலம் கோயிலுக்குப் போவியோ மாட்டியோ. உன் பட்டியல்ல அது இருபத்தி ரெண்டாவதாம், அரை மணி நேரமாம். நரசிம்மசாமி வருசம் முச்சூடும் சந்தனக் காப்புக்குள்ளயே இருப்பாரு. உருவமே தெரியாது, லிங்கம் மாதிரி இருக்கும். அட்சய திருதியை அன்னிக்கு ஒரு நாளுதான் சந்தனத்தைக் களைஞ்சு நெஜ உருவம் காட்டுவாங்க. அன்னிக்கு ஆந்திராவும் ஒரிசாவும் அங்கதான் நிக்கும். மத்த நாள்ல போனா சந்தனத்தைக் கும்புட்டுட்டு, பிரசாதமா புளியோதரை வாங்கிகினு வரலாம். அந்தக் கோயில்ல நம்ம முதலாங் குலோத்துங்கன் காலத்துக் கல்வெட்டு இருக்கு, 1098-99-ல வெட்டினது. அவன் படையைக் கலிங்கத்துக்கு நடத்திகினு போனவன் கருணாகரத் தொண்டைமான். ஜெயங்கொண்டார் பரணி பாடினாரே, அதே கலிங்கம். பந்திக்கு முந்து, படைக்குப் பிந்துன்னு சொல்லுவாங்க. அவங்க படைக்கும் முந்தினாங்க. நீ போயி பந்திக்காவது முந்து.

ஒரே நாள்ல அரக்குப் பள்ளத்தாக்கு போயி, போரா குகை பாத்து, சாயங்காலம் பீச்சுல நிக்கணும்னு எழுதியிருக்கே பாரு, அதை மொதல்ல அடி. அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு. ஊருலேருந்து அரக்கு நூத்திப் பத்து கிலோமீட்டருக்கு மேல, முழுக்க மலை. காலையில கிரந்துல் போற ரயிலு இருக்கு, அதுல ஏறு. கூரையெல்லாம் கண்ணாடி போட்ட பெட்டி கூட உட்டிருக்காங்க. கண்ணாடி இல்லாத பெட்டியில போனா மலைக்காத்து சும்மாவே வரும். அந்தத் தடத்துல 58 சுரங்கம். ஒவ்வொண்ணுக்கும் பசங்க கத்துவாங்க, நீயும் கத்து, வெக்கப்படாதே. அந்தத் தண்டவாளம் உன்னை மாதிரி ஆளுங்களுக்காகப் போட்டதில்ல. பைலாடிலா மலையிலேருந்து இரும்புத் தாது எறக்கி ஜப்பானுக்குக் கப்பலேத்தப் போட்டது. இன்னைக்கும் தாது வண்டிக்கு வழி உட்டு உன் வண்டி நிக்கும். நின்னா இன்னா? எறங்காம உக்காந்து பாரு. ராத்திரி அங்கயே தங்கு. மூங்கிலுக்குள்ள கோழியை அடைச்சு நெருப்புல சுட்டுத் தருவாங்க. எண்ணெய் கெடையாது. கறி வேவுற வரைக்கும் காத்திருக்கத் தெரியணும், அவ்ளோதான்.

கடலுல குளிக்கறதைப் பத்தி மட்டும் கிண்டல் பண்ண மாட்டேன். ருஷிகொண்டா அலை பாக்க அழகா இருக்கும், நீரோட்டம் உள்ள இழுக்கும். ஆழம் தெரியாம காலை உடாதேன்னு இந்த மாதிரி எடத்துக்குத்தான் சொன்னாங்க. கொடி நட்டிருந்தா அதைத் தாண்டாதே. கரையில வலை காய வைக்குற ஆளுகிட்ட, "அண்ணா, இன்னிக்கு எறங்கலாமா"ன்னு கேளு. தெலுங்கு வரலைன்னா கையைக் காட்டு. அவரு தலையாட்டினா எறங்கு. உன் செல்லுல எத்தினி நட்சத்திரம் போட்டிருக்குன்னு அலைக்குத் தெரியாது.

திரும்பி வரப்போ காந்தம் ஒட்டுற பொம்மையெல்லாம் வாங்காதே. உங்க வீட்டு பிரிட்ஜுல எடம் இல்ல, நான் பாத்தேன். அரக்கு காபித்தூளு கால் கிலோ வாங்கு. ஆதிவாசிங்க வெளைக்குறது. 2019-ல புவிசார் குறியீடு குடுத்தாங்க, பாரிசுல கடை போட்டு விக்குறாங்க. அப்படியே மாடுகுல அல்வா கெடச்சா ஒரு பொட்டலம் எனக்கு. எனக்கு சக்கரை இருக்குன்னு உங்கம்மா கத்துவா. அவளுக்குக் காபித்தூளைக் காட்டு. அல்வா உன் நாலாவது பையில அடியில இருக்கட்டும். அந்தப் பைக்கும் ஒரு வேலை வேணாமா?