ஃப்ராங்கா சொல்லுங்கண்ணே

கல்யாணப் பந்தியில் பெண்ணின் அப்பா நம் இலைக்கு எதிரே வந்து நின்று, "சாப்பாடு எப்படி?" என்று கேட்பார். சாம்பாரில் உப்பில்லை என்று அந்த நேரத்தில் சொன்னவரை நான் இதுவரை பார்த்ததில்லை. புதிதாக வெப்சைட் செய்யக் கற்றுக்கொண்ட நம்மாளும் அந்த அப்பா ஜாதிதான். முகத்தில் அதே வியர்வை, அதே சிரிப்பு. கையில் மட்டும் ஒரு லிங்க்.

விருதுநகர்ப் பக்கம். மெக்கானிக்கல் முடித்துவிட்டு, வேளச்சேரியில் அறை எடுத்துத் தங்கி, மூன்று மாதம் ஹெச்டிஎம்எல், சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட் படித்திருப்பார். முதல் புராஜெக்ட் முடியும் நேரம் எப்போதும் இரவு பதினொன்றரைக்கு மேல்தான். உடனே வாட்ஸப்பில் வரும்: "அண்ணே, முழிச்சிருக்கீங்களா? ரெண்டே நிமிஷம். ஃப்ராங்கா சொல்லுங்க, மனசுல ஒண்ணும் வெச்சுக்க மாட்டேன்."

லிங்கைத் தட்டினால் திறக்காது. 'லோக்கல்ஹோஸ்ட் 5500' என்று இருக்கும். அது அவரவர் கம்ப்யூட்டர் தன்னையே கூப்பிட்டுக்கொள்ளும் பெயர். என் வீட்டிலிருந்து தட்டினால் என் வீட்டுக் கதவைத்தான் தட்டும். சொன்னால், "எனக்கு ஓப்பன் ஆகுதேண்ணே" என்பார் வருத்தமாக. கிட்ஹப் பேஜஸில் காசில்லாமல் ஏற்றலாம் என்று சொல்லிக்கொடுத்தேன். மறுநாள் பக்கம் வந்தது, படங்கள் வரவில்லை. எல்லாப் படமும் அவருடைய சி டிரைவில் டவுன்லோட்ஸுக்குள் பத்திரமாக உட்கார்ந்திருந்தது.

எல்லோரும் கால்குலேட்டர், டூ-டூ லிஸ்ட் என்று செய்யும்போது, நம்மாள் தாம்பரத்தில் தையல் கடை வைத்திருக்கும் அத்தைக்கு வெப்சைட் செய்திருந்தார். அதைப் பாராட்டத்தான் வேண்டும். பாராட்டியும் விட்டேன். அங்கே நிறுத்தியிருக்கலாம்.

படங்களையும் ஏற்றிய பிறகு பார்த்தால், பாஸ்போர்ட் சைஸில் தெரியும் ஜாக்கெட் படம் ஒவ்வொன்றும் 7 எம்பி. வெள்ளைத் தரையில் வெளிறிய சாம்பல் எழுத்து. எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5க்கு 1 வித்தியாசம் வேண்டும் என்று ஒரு கணக்கு உண்டு. இது விபூதி பூசிய சுவரில் விபூதியால் எழுதியது. கேட்டால், "அது மினிமல்ணே." திரையின் அகலத்துக்குப் பக்கத்தை அடக்கச் சொல்லும் வியூபோர்ட் வரியைப் போட மறந்துவிட்டதால், போன் இதை 980 பிக்சல் அகலப் பக்கமாக எண்ணி, முழுக்கடையையும் தீப்பெட்டிக்குள் மடித்து வைத்தது. "உங்க போன் பழசோ?" என்றார்.

நடுவில் நிறுத்துவதை எடுத்துக்கொள்ளுங்கள். வெப் பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் சிஎஸ்எஸ் யோசனையை ஹாகூன் வியும் லீ 1994இல் முன்வைத்தார். அதன்பிறகு ஒரு பெட்டியை மேலும் கீழும் சரியாக நட்டநடுவில் நிறுத்த, அதில் ஃப்ளெக்ஸ்பாக்ஸ் என்ற வசதி வரும்வரை தலைமுறையே தலையைப் பிய்த்துக்கொண்டது. நம்மாள் அதை மூன்றே நாளில் பிடித்துவிட்டார். பிடித்தவர் விடவில்லை. தலைப்பு நடுவில், படம் நடுவில், பத்து வரிக் கடை வரலாறு நடுவில், விலாசம் நடுவில். கல்யாணப் பத்திரிகை தோற்றது.

மெனு ஏனோ படத்துக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டிருந்தது. எது மேலே, எது அடியில் என்று சொல்லும் இசட்-இண்டெக்ஸுக்கு 9999 கொடுத்திருந்தார். ஏன் என்றேன். "999 வேலை செய்யலண்ணே." பந்தியில் கடைசி வரிசைக்கு நீங்கள் தலைவராகவே இருந்தாலும், முதல் வரிசைக்குப் பிறகுதான் இலை விழும். எண்ணை எவ்வளவு ஏற்றினாலும் வரிசை மாறாது. மற்ற விதிகளை முந்தவைக்கும் 'இம்பார்ட்டன்ட்' என்ற சொல்லைப் பதினான்கு இடத்தில் எழுதியிருந்தார். எல்லோரும் மூத்த மாப்பிள்ளையாக இருக்கிற வீடு மாதிரி.

இதையெல்லாம் பதினேழு பாயின்டாக எழுதி அனுப்பினேன். பதிலுக்கு ஒரு கட்டைவிரல் வந்தது. பிறகு இரண்டு நாள் மௌனம். மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது.

மற்றவர்களிடம் கேட்டதில் அவருக்கு லாபம் அதிகம். குடும்ப குரூப்பில் "சூப்பர்டா தம்பி" இருபது வந்தது. லிங்கைத் திறந்தவர்கள் எத்தனை பேர் என்பது வேறு. சித்தப்பா, "இதுக்கு மாசம் எவ்வளவு தருவான்?" என்றார். அறைத்தோழர், பார்க்காமலே, "ரியாக்ட்ல பண்ணிருக்கலாமே" என்றார்.

நானும் லேசுப்பட்டவன் இல்லை. கல்லூரி விழாவுக்கு ஒரு பக்கம் செய்து, வரவேற்புரையை மார்க்யூவில் ஓடவிட்டு, ஓடுகிற எழுத்தைத் துரத்திப் படிக்க வைத்தவன். ஃப்ராங்காகச் சொல்லச் சொன்னேன். ஒருவர் சொன்னார். அவரிடம் நான் இன்றுவரை சரியாகப் பேசுவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை அத்தை கடைக்கு இருவரும் போனோம். "போனை அவங்க கையில குடு. வாயைத் திறக்காதே" என்றேன். அவர் பட்ட அவஸ்தையைப் பிரசவ வார்டு வாசலில்தான் பார்த்திருக்கிறேன். அத்தை கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஒரு ஜாக்கெட் படத்தைத் தட்டினார். ஒன்றும் நடக்கவில்லை. அழுத்தித் தட்டினார். விரலைச் சேலையில் துடைத்துவிட்டு மறுபடி தட்டினார்.

"போன் நம்பர் எங்கடா?"

"கீழ ஸ்க்ரோல் பண்ணினா கடைசில வரும் அத்தை."

"அம்புட்டு தூரம் எவ வருவா? வாசல் போர்டுல நம்பரை உச்சியிலதான எழுதியிருக்கேன்?"

என் பதினேழு பாயின்டில் இது இல்லை. நம்மாள் பதில் சொல்லாமல், தையல் மெஷின் மேலேயே லேப்டாப்பைத் திறந்தார்.

அன்றிரவு பதினொன்று நாற்பதுக்கு லிங்க் வந்தது. திறந்தும் விட்டது. இசட்-இண்டெக்ஸ் 99999 பலத்தில், சிவப்புப் பெட்டிக்குள், திரையின் நட்டநடுவில் நம்பர். மேலே தள்ளினாலும் கீழே தள்ளினாலும் கூடவே வந்தது. ஜாக்கெட் எதுவும் முழுதாகத் தெரியவில்லை. அத்தைக்கு ரொம்பப் பிடித்துவிட்டதாம். அதற்குள் இரண்டு பேர் போன் செய்து அளவு எடுக்க எப்போது வரலாம் என்று கேட்டார்களாம்.

நான் டைப் செய்துகொண்டிருந்த ஒன்பது பாயின்டையும் அழித்துவிட்டுப் படுத்தேன்.