வலிக்காத பிரஷர்

கேள்வி: பிரஷர் 190/120 காட்டுகிறது. தலைவலி, மயக்கம் எதுவுமே இல்லை. மாத்திரை அவசியமா?

பதில்: அவசியம். ரத்தக்குழாய் கெடும்போது வலிக்காது. சற்று உட்கார்ந்துவிட்டு மறுபடி பாருங்கள். இறங்காவிட்டால் இன்றே டாக்டரிடம் போங்கள். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், பேச்சுக் குழறல், பார்வை மங்கல் இருந்தால் உடனே 108.

கேள்வி: குழாய்க்கு உள்ளே அப்படி என்னதான் நடக்கிறது?

பதில்: அழுத்தத்தைத் தாங்க நுண்தமனிகள் சுவரைத் தடிப்பாக்கிக்கொள்கின்றன. வழி குறுகுகிறது. அழுத்தம் எல்லை மீறினால் உட்சுவர் பழுதாகி, ரத்தத்தின் புரதங்கள் சுவருக்குள் கசிந்து, அந்த இடமே அழிந்துபோகிறது. கிட்னியில்தான் கொடுமை அதிகம். ரத்தம் குறைவாக வருவதால், உடம்பில் அழுத்தம் போதவில்லை என்று எண்ணி அது ரெனின் என்ற பொருளைச் சுரக்கிறது. பிரஷர் இன்னும் ஏறுகிறது. பிரஷர் கிட்னியைக் கெடுக்க, கெட்ட கிட்னி பிரஷரை ஏற்றுகிறது.

கேள்வி: பிரஷருக்குப் போனால் கண் டாக்டரிடம் ஏன் அனுப்புகிறார்கள்?

பதில்: கத்தி வைக்காமல் நுண்குழாய்களை நேரில் பார்க்க விழித்திரையைப் போல வசதியான இடம் வேறில்லை. 1939-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவர்கள் கீத், வேகனர், பார்க்கர் மூவரும் கண்ணைப் பார்த்தே நோயாளிகளை நான்கு வகையாகப் பிரித்தார்கள். பார்வை நரம்பின் முனை வீங்கிய நான்காம் வகையினரில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பேர் ஓராண்டுக்குள் இறந்தார்கள். அன்று சரியான மருந்து இல்லை.

கேள்வி: வசதியானவர்கள் தப்பித்துவிடுவார்களோ?

பதில்: அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டே தப்பவில்லை. 1944 மார்ச்சில் 186/108. 1945 ஏப்ரல் 12 அன்று, தலை வலிக்கிறது என்று சொல்லிச் சாய்ந்தபோது 300/190. மூளையில் ரத்தக்கசிவு, அன்றே மரணம். பிரஷரை இறக்கும் குளோரோதயசைடு மாத்திரை வந்தது 1958-இல்தான். அவருக்குக் கிடைக்காத பிரஷர் மாத்திரை இன்று நம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதை வாங்காமல் இருப்பவர்களை நினைத்தால் மனம் பதறுகிறது.

கேள்வி: நாக்கின் அடியில் மாத்திரை வைத்து உடனே இறக்கிவிடலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். உயர் அழுத்தத்துக்குப் பழகிப்போன மூளைக்கு, திடீரென இறங்கினால் ரத்தம் போதாது. அதிலேயே பக்கவாதம் வரலாம். ஆஸ்பத்திரியில்கூட முதல் ஒரு மணி நேரத்தில் பெரும்பாலும் கால் பங்குக்கு மேல் இறக்குவதில்லை.

கேள்வி: இப்போது 130/80. மாத்திரையை நிறுத்தலாமா?

பதில்: அந்த 130/80 மாத்திரை தந்தது. டாக்டரைக் கேட்காமல் ஒரு வேளைகூட விடாதீர்கள். கையிருப்பு தீரும் முன்பே அடுத்த மாதத்துக்கு வாங்கி வைத்துவிடுங்கள்.