முந்தானை பார்த்துக் கார் வாங்குவது எப்படி?

அம்மையார்குப்பத்தில் யாரும் முன்பக்கத்தை மட்டும் பார்த்துப் புடவை வாங்கியதில்லை. கையில் எடுத்தவுடன் திருப்புவார்கள். பின்பக்கம் இழை தொங்குகிறதா, கரை சேரும் இடத்தில் முடிச்சு இருக்கிறதா, ஊடை எங்கேயாவது விட்டுப்போயிருக்கிறதா என்று வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்த பிறகுதான் விலையே கேட்பார்கள். தறி ஓடும் ஊர் அப்படித்தான் இருக்கும். அதே ஜனம் பழைய கார் வாங்கப் போனால், வண்டியின் முகத்தை ஒரு தடவை பார்த்து, "கலரு நல்லா கீதுபா" என்று சொல்லி டோக்கன் அட்வான்ஸைக் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறோம். நான் உட்பட. அந்தத் தகுதியில்தான் இந்த வழிகாட்டியை எழுதுகிறேன்.

கார் வாங்க லைசென்ஸ் தேவையில்லை, பணம் போதும். ஓட்டத்தான் லைசென்ஸ். எல்.எல்.ஆர். ஆறு மாதம் செல்லும். முப்பது நாள் கழித்து ஓட்டிக் காட்டி நிஜ லைசென்ஸ் வாங்கிக்கொள்ளலாம். அதுவரை சிவப்பு 'எல்' ஒட்டிக்கொண்டு, பக்கத்தில் லைசென்ஸ் உள்ளவரை உட்காரவைத்து ஓட்ட வேண்டும் என்பது சட்டம். நம் வீடுகளில் அந்த இடத்தில் மாமா உட்காருவார். அவருக்கும் லைசென்ஸ் உண்டு, டி.வி.எஸ். ஃபிஃப்டிக்கு.

அடுத்தது, நிறுத்த இடம். கைத்தறிக் காலத்தில் பாவு நீட்டுவதற்கென்று விட்ட தெருக்களில்தான் இன்றைக்குக் காரை நீட்டி வைக்கிறோம். பழைய ஆல்டோ மூன்றரை மீட்டருக்குள் அடங்கிவிடும். ஐந்தரை மீட்டர் புடவையைவிட இரண்டு மீட்டர் குட்டை. இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டால் நெசவாளர் தெருவில் எந்த வண்டி திரும்பும், எது திரும்பாது என்பது விளங்கிவிடும்.

எந்தக் கார் என்று ஊரில் கேட்காதீர்கள். பெரியவர்கள் அம்பாசிடர் என்பார்கள். அது 2014-லேயே நின்றுபோனது. அப்பா மாருதி 800 என்பார். 1983 டிசம்பர் 14-ல் இந்திரா காந்தி கையால் முதல் சாவி கொடுக்கப்பட்ட அந்த வண்டியும் 2014-ல்தான் விடைபெற்றது. ஒரு லட்ச ரூபாய் கார் என்று 2009-ல் வந்த நானோவுக்கு 2018-க்கு மேல் ஆயுள் இல்லை. கல்யாணமான மச்சான் மட்டும் பெரிதாக யோசிப்பார்: "ஆல்டோ காசுக்கே லேன்சர் கிடைக்குதுபா!" கிடைக்கும். நம் திருவள்ளூரிலேயே செய்த வண்டி என்று பாசம்கூடப் பொங்கும். ஆனால் அதன் ஒரு விளக்கு உடைந்தால் அடுத்த விளக்குக்கு எந்த மாநிலம் போவது என்பதை மச்சான் சொல்லமாட்டார். ராஜா வீட்டு யானை சும்மா கொடுத்தாலும் தீனி யார் போடுவது? திருத்தணியிலோ சோளிங்கரிலோ கடைக்காரர் எழுந்து நிற்காமலே கையை நீட்டி எந்த வண்டியின் பிரேக் ஷூவை எடுத்துத் தருகிறாரோ, அதுதான் உங்களுடைய முதல் வண்டி. சின்னது, பெட்ரோல், ஊரில் நாலு பேர் வைத்திருப்பது. கையில் இரண்டு லட்சம் இருந்தால் ஒன்றரைக்குள் பாருங்கள். மிச்சம் முதல் மூன்று மாதத்தில் டயர், பேட்டரி, கிளச் என்று தானாக வழி கண்டுபிடித்துப் போய்விடும்.

2025 செப்டம்பர் 22 முதல் புதிய சின்னக் கார்களுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. புதுசு இறங்கினால் பழசும் இறங்க வேண்டும். பழைய கார் விற்கும் கன்சல்டிங் ஆபீசில் இதைச் சொன்னால் ஆபீஸ்காரர் காபி சொல்வார். காபி வந்தது என்றால் விலை இறங்காது என்று அர்த்தம்.

இனி விற்பவரின் பாஷை. இதைக் கற்றுக்கொள்ளாமல் வீட்டைவிட்டுக் கிளம்பாதீர்கள். 'டாக்டர் ஓட்டின வண்டி' என்பது முதல் பாடம். தமிழ்நாட்டில் விற்பனைக்கு வரும் பழைய கார்களையெல்லாம் டாக்டர்கள்தான் ஓட்டினார்கள் என்றால் இத்தனை வருஷம் நமக்கு ஊசி போட்டவர்கள் யார்? 'சின்ன டச்சிங்' என்றால் ஒரு பக்கம் முழுக்கப் பட்டி பார்த்திருக்கிறார்கள். 'ஒரு ரூபா வேலை கிடையாது' என்பது மட்டும் சத்தியம். ஒரு ரூபாய்க்கு எந்த மெக்கானிக்கும் வேலை பார்ப்பதில்லை. 'பேப்பர் எல்லாம் கரண்ட்ல கீது' என்றால் இன்ஷூரன்ஸ் இந்த வெள்ளிக்கிழமை முடிகிறது. 'வேற பார்ட்டி ஒருத்தர் சாயங்காலம் வர்றார்' என்றால் நீங்கள்தான் அந்தப் பார்ட்டி, நேற்று இன்னொருவரிடம் சொன்னது.

மீட்டரைப் பார்க்காதீர்கள், அது விற்பவர் சொல்கிறபடி கேட்கும். கிளச், பிரேக் பெடல்களின் ரப்பரைப் பாருங்கள். நாற்பதாயிரம் கிலோமீட்டர் ஓடிய வண்டியின் பெடல் அம்மி மாதிரி வழவழப்பாக இருக்காது. டயரின் பக்கவாட்டில் நாலு எண் குத்தியிருக்கும். 2319 என்றால் 2019-ல் 23-வது வாரம் செய்த டயர். 'புது டயரு சார்' என்று சொல்கிறவரிடம் அதைக் காட்டினால் அவரும் உங்களோடு சேர்ந்து ஆச்சரியப்படுவார். கதவையும் பானட்டையும் விரல் கணுவால் தட்டுங்கள். தகரம் ணங் என்று பேசும், பட்டி பூசிய இடம் தொப்பென்று வாயை மூடிக்கொள்ளும். எல்லாக் கண்ணாடியிலும் ஒரே வருஷக் குறி இருந்தால் நல்லது. ஒன்று மட்டும் இளமையாக இருந்தால் அதன் அண்ணன் எப்படிச் செத்தான் என்று கேளுங்கள்.

எஞ்சினுக்கு ஒரே ஒரு விதி: விடியற்காலை ஆறு மணிக்குப் போய் நில்லுங்கள். முந்தின நாளே சொல்லிவைத்துவிட்டுப் போகாதீர்கள். சொன்னால் ஐந்தரைக்கே வண்டியை ஒரு சுற்று ஓட்டி, சூடாக்கி, திருநீறு பூசிய மாதிரி துடைத்து நிறுத்தியிருப்பார்கள். பானட்டில் கையை வையுங்கள். சில்லென்று இருந்தால்தான் சாவியைக் கேளுங்கள். ஸ்டார்ட் செய்தவுடன் பின்னால் நீலப்புகை வந்தால் எஞ்சின் ஆயில் குடிக்கிறது. வெள்ளைப்புகை நிற்காமல் வந்துகொண்டே இருந்தால் ரேடியேட்டர் தண்ணீர் போகக்கூடாத இடத்துக்குப் போகிறது. ஆயில் மூடியைத் திருகிப் பாருங்கள். உள்ளே மோர் மாதிரி படிந்திருந்தால் பேச்சை வளர்க்காமல் அங்கேயே டீ குடித்துவிட்டுக் கிளம்புங்கள்.

பிறகு கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். இது வெளியூர்க்காரர்களுக்கு வராது, நமக்கு வரும். ராத்திரியெல்லாம் தறிச் சத்தத்தில் குறட்டை விட்டுத் தூங்கி, தறி நின்றால் திடுக்கிட்டு விழித்துக்கொள்கிற காது நம்முடையது. நாடா ஒரு தடவை தட்டுத் தவறினால் அடுத்த வீட்டுப் பாட்டி சொல்லிவிடுவாள். மூன்று சிலிண்டரில் ஒன்று மக்கர் பண்ணுவதும் அதே தாளக்கேடுதான். மெக்கானிக்குக்குக் காசு கொடுக்கும் முன் அந்தப் பாட்டியை அழைத்துக்கொண்டு போகலாம். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

ஓட்டிப் பார்க்கத் திருத்தணி மலையைவிட நல்ல இடம் கிடையாது. முருகனைப் பார்க்க நடந்து போகிறவர்களுக்கு 365 படி, வண்டிக்குத் தார்ச்சாலை. ஆடிக் கிருத்திகையும் டிசம்பர் 31 படித்திருவிழாவும் அல்லாத ஒரு நாளாகப் பாருங்கள். ஏற்றத்தின் நடுவில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, காலை எடுங்கள். வண்டி நகராமல் நின்றால் பாதி வண்டி பாஸ். மறுபடி பாதிக் கிளச்சில் கிளப்புங்கள். எஞ்சின் உறுமி, வண்டி நகராமல், கருகின வாசனை மட்டும் வந்தால் கிளச் தகடு போய்விட்டது. வண்டி பின்னால் உருண்டு, பின்னால் வரும் பஸ்காரர் உங்கள் பரம்பரையை விசாரித்தால் பழுது வண்டியில் இல்லை, உங்களிடம். அதற்கு இன்னும் பத்து நாள் டிரைவிங் ஸ்கூல்.

காகிதத்துக்கு வருவோம். எல்லையோரத்துக்காரர்களுக்கு இது தனிப் பாடம். நகரியிலும் புத்தூரிலும் வண்டி மலிவாகக் கிடைக்கிறது என்று மச்சான் போய் வந்தார். அங்கே "பண்டி பாகுந்தி" என்றார்களாம். வண்டி பண்டியாக மாறுவதற்கு ஊர் எல்லை தாண்டினால் போதும். பண்டி வண்டியாக மாறுவதற்கு அந்த ஊர் ஆர்.டி.ஓ.விடம் 28-ஆம் படிவத்தில் என்.ஓ.சி. வாங்கி, இங்கே வந்து வாழ்நாள் வரி கட்டி, புது எண் வாங்க வேண்டும். வேறு மாநில வண்டியைப் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் பழைய எண்ணிலேயே இங்கே வைத்துக்கொள்ளச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. மலிவு என்று மிச்சம் பிடித்ததை வரியாகக் கட்டிவிட்டு மச்சான் இப்போது அமைதியாக இருக்கிறார். ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் போராடி 1960 ஏப்ரல் 1-ல் திருத்தணியையே தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். மச்சானுக்கு ஒரு ஹேட்ச்பேக்கைக் கொண்டுவர ஏழு மாதம் ஆனது.

உள்ளூர் எண்ணாக இருந்தாலும், பரிவாஹன் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள். எந்த வருஷத்து வண்டி, எத்தனாவது ஓனர், இன்ஷூரன்ஸ் எதுவரை, கடன் பாக்கி இருக்கிறதா என்பதெல்லாம் வந்துவிடும். கடன் காட்டினால், பேங்க் கையெழுத்திட்ட 35-ஆம் படிவம் வராமல் ஒரு பைசா கொடுக்காதீர்கள். பதினைந்து வயது நெருங்கிய வண்டி என்றால் எஃப்.சி. காட்டிப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 600 ரூபாயாக இருந்த அந்தக் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. பசுமை வரி தனி.

பெயர் மாற்றம் என்று ஒரு சடங்கு உண்டு. வாங்கியவர் முப்பது நாளுக்குள் செய்ய வேண்டும், 29, 30 ஆகிய படிவங்கள். இன்ஷூரன்ஸைப் பதினாலு நாளுக்குள் மாற்ற எழுதிக் கொடுக்க வேண்டும். நம் ஊர் வழக்கம் வேறு. விற்றவரிடம் வெற்றுப் படிவத்தில் கையெழுத்து வாங்கி பீரோவில் புடவைக்கு அடியில் வைத்துவிடுவோம். அப்புறம் நேரே மலைக்குப் போய், நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, அர்ச்சனைத் தட்டோடு நின்று, நம் பெயர், நட்சத்திரம், கோத்திரம் எல்லாம் சொல்வோம். ஆர்.சி.யில் இருப்பது காஞ்சிபுரத்துக்காரர் ஒருவரின் பெயர். அந்த அர்ச்சனை யாருக்குப் போய்ச் சேரும்? விற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை: ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் ஓனர், விபத்து நடந்தால் நஷ்டஈடும் அவர் தலையில்தான் என்று 2018-ல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. காரை விற்றுவிட்டு நிம்மதியாகத் தூங்குகிற காஞ்சிபுரத்துக்காரர் இதைப் படித்தால் தேவலை.

கடைசியாக என் கதை. 2016-ல் ஒரு வெள்ளைக் கார் வாங்கினேன். சாயங்கால நேரம். பானட் சூடாக இருந்தது. "இப்பதான் சார் பசங்களை ஸ்கூல்ல இருந்து கூட்டினு வந்தேன்" என்றார் விற்றவர். அன்று ஞாயிற்றுக்கிழமை என்பது வீட்டுக்கு வந்து காலண்டரைக் கிழிக்கும்போதுதான் உறைத்தது. உள்ளே மல்லிகைப்பூ வாசனை, டாஷ்போர்டில் பிள்ளையார், சீட்டுக்கு உறை புத்தம்புதுசு. மழைக்காலம் வந்ததும் மல்லிகை போய்க் குளத்து வாசனை வர ஆரம்பித்தது. எலி செத்திருக்கும் என்று மூன்று மாதம் எலியைத் தேடினோம். ஒரு நாள் என் மகன் பின்சீட் பெல்ட்டைப் பிடித்து இழுத்து விளையாடினான். வழக்கமாக யாரும் இழுக்காத தூரத்துக்கு அது வெளியே வந்தது. அதன் கடைசி முழத்தில் இரண்டு விரற்கடை அகலத்துக்கு ஒரு பழுப்புக் கோடு. நகத்தால் சுரண்டினேன், பொடியாக உதிர்ந்தது. சேறு. 2015 டிசம்பரில் சென்னையில் மூழ்கின வண்டிகளெல்லாம் எங்கே போயின என்று அதுவரை நான் யோசித்ததே இல்லை. சீட்டுக்கு அடியில் விரலை விட்டால் துரு ஒட்டியது. மேலே எல்லாம் முந்தானை, உள்ளே நைந்த பாவு. 2023 டிசம்பரிலும் சென்னையில் வெள்ளம் வந்தது, அதனால் சொல்கிறேன்: எந்தக் காரைப் பார்த்தாலும் பெல்ட்டைக் கடைசிவரை இழுங்கள். கார்ப்பெட்டைத் தூக்குங்கள். வெட்கப்படாதீர்கள். புடவைக் கடையில் வெட்கமா படுகிறோம்?

இவ்வளவு தூரம் படித்தவர்களுக்கு ஒரு தகவல். வெள்ளை நிறச் சின்ன வண்டி ஒன்று எங்கள் வீட்டு வாசலில் விற்பனைக்கு நிற்கிறது. குடும்பம் ஓட்டினது, ஒரு ரூபாய் வேலை கிடையாது, பெயர் மாற்றம்கூட ஆகிவிட்டது. பார்க்க வருகிறவர்கள் தயவுசெய்து விடியற்காலையில் வந்து நிற்க வேண்டாம், பதினொரு மணிக்கு மேல் வரவும். பின்சீட் பெல்ட் போன வாரம்தான் புதுசாகப் போட்டது.